டிக்கெட் இல்லாத மூன்றாவது பயணி

பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு வந்த என் மனைவி, ஒரு பிளாஸ்டிக் பட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் இரண்டு கோடுகள்.

"என்ன தெரியுதுங்க?"

"டபுள் என்ட்ரி" என்றேன்.

பி.காம். படித்துவிட்டு, பத்து வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கிவிட்டு, அப்புறம் எழுத வந்தவனிடம் வேறு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. புரிந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான்.

கர்ப்பம் அவளுக்கு, மயக்கம் எனக்கு!

அவளுக்குப் பிறந்த வீடு அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்களா? மலைக்குப் பின்பக்கம், வருண லிங்கத்தைத் தாண்டியதும் ஒரு ஊர் வருமே, அதுதான். போன் போட்டுச் சொன்னோம். "மாப்ள, மூணு மாசம் ஆவற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதீங்க" என்றார் மாமியார் ரகசியக் குரலில். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் போன் பண்ணி வாழ்த்திவிட்டார்கள்.

★

வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டார்களா? ஆளுக்கொரு தடை உத்தரவும் போட்டார்கள்.

அவளுக்குப் போட்ட தடைகள் உங்களுக்கே தெரியும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கிரகணத்தன்று வெளியே தலை காட்டக் கூடாது. கூடவே தினமும் பாலில் குங்குமப்பூ. "குழந்தை சிவப்பா பொறக்கும்னு சொல்றாங்களே" என்று டாக்டரம்மாவிடம் கேட்டோம். "நிறம் அப்பா அம்மாகிட்டேருந்து வருது, டப்பாவிலேருந்து வரலை" என்றார். என் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் பிரிஸ்கிரிப்ஷன் எழுத ஆரம்பித்தார்.

எனக்கு அதிர்ச்சி கொடுத்தது அடுத்த லிஸ்ட். புருஷனுக்கும் தடை உண்டாம்!

★ தேங்காய் உடைக்கக் கூடாது.
★ கடலில் குளிக்கக் கூடாது.
★ மலை ஏறக் கூடாது.
★ இழவு வீட்டுக்குப் போனாலும் பாடையைத் தொடக் கூடாது.
★ முடி வெட்டக் கூடாது.

முதல் நான்கு சரி. ஐந்தாவதுதான் ஆளை மாற்றிவிட்டது. நான்காவது மாசத்தில் என் தாடியைப் பார்த்த பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன், டீக்கடையில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "யாருடா அந்தப் பொண்ணு?" என்று கேட்டான்.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் அந்த லிஸ்ட்டை யோசித்துப் பார்த்தேன். கடல், மலை, சுடுகாடு... எல்லாமே ஒன்று ஆபத்தான இடம், இல்லையென்றால் வீட்டை விட்டுத் தூரமான இடம். போன் இல்லாத காலம். வலி எடுத்தால் புருஷன்காரன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அதற்காக யாரோ ஒரு பாட்டி போட்ட சட்டமாக இருக்கலாம் என்று தோன்றியது. (முடி மேட்டர் மட்டும் எவ்வளவு யோசித்தும் புரியவில்லை.)

கூப்பிடு தூரம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

★

எங்கள் பிரச்னை வேறு. நாங்கள் ஒரு வீக் எண்ட் ஜோடி. கல்யாணமான நாளிலிருந்து சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் உடம்புக்கு ஆகாது. பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் பைக்கைச் சாய்த்து ஏலகிரி போயிருக்கிறோம். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறி, இறங்க முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறோம் (அழுதது நான்). இனிமேல் பத்து மாசம் என்ன செய்வது?

முதல் மூன்று மாசம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. காலையில் எழுந்ததும் வாந்தி. சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தால் வாந்தி. என் ஷேவிங் லோஷன் வாசனைக்கு வாந்தி. (தாடி வளர்ந்ததில் இது ஒரு லாபம்.) தாளிப்பு இல்லாத சமையல் ஒன்றை நான் கண்டுபிடித்தேன். ரசம் சாதம், வேக வைத்த உருளைக்கிழங்கு, தயிர். ஆஸ்பத்திரி மெனுவேதான். ஆனால் அவள் சாப்பிட்டாள்.

அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது என்றார்கள். எங்கள் வீட்டிலோ காலை காபி என்பது கிட்டத்தட்ட மதம்! மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினோம். எக்ஸெல்லில் ஒரு சார்ட் போட்டு, மாத்திரை போட்ட நாளுக்கெல்லாம் பச்சை அடித்தேன். அதைப் பார்த்து நானே ரொம்பப் பெருமைப்பட்டேன். 'எவ்வளவு பொறுப்பான புருஷன்!' இந்தப் பெருமையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாசம் வாந்தி நின்றது. பயந்துகொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டோம், "ஊருக்குப் போகலாமா டாக்டர்?"

"தாராளமா போங்க" என்றார். "வேற சிக்கல் எதுவும் இல்லேன்னா, 14 வாரத்துலேருந்து 28 வாரம் வரைக்கும் பயணத்துக்கு நல்ல நேரம். அதுக்கு மேல என்னைக் கேக்காம எங்கேயும் கிளம்பக் கூடாது." அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதே, காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இறங்கிக் கொஞ்சம் நட. காரில் சீட் பெல்ட் கட்டாயம், ஆனால் கீழ்ப் பட்டை வயிற்றுக்கு மேலே ஏறக் கூடாது, வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போக வேண்டும். பைக்கில் ஊர் சுற்றாதே. தண்ணீர் நிறையக் குடி. பைல் எப்போதும் கையில் இருக்கட்டும். போகிற இடத்தில் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று தெரிந்துகொண்டு போ.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கர்ப்பிணிகளுக்கும், 45 வயது தாண்டிய பெண்களுக்கும், சீனியர் சிட்டிசன்களுக்கும் சேர்த்து, ஸ்லீப்பர் கோச் ஒவ்வொன்றிலும் ஆறேழு லோயர் பெர்த்களை ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. நிறையப் பேருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள் சார்.

நாங்கள் போனது லோன் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் கர்ப்பிணி போகக்கூடிய சுத்தமான பாத்ரூம் எங்கெங்கே இருக்கிறது என்பது இன்றைக்கு எனக்கு மனப்பாடம். மனப்பாடம் பண்ணக் கஷ்டப்படவே இல்லை. லிஸ்ட் அவ்வளவு சின்னது!

★

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை விடியற்காலை கிளம்பிவிடுவோம். செஞ்சியில் முதல் நிறுத்தம். இந்தத் தடவை ராஜகிரியைக் கீழே நின்று கும்பிட்டதோடு சரி. அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கம் அரை மணி நேரம் நடை. 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனதிலிருந்து செஞ்சியைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அதில் பாதிப் பேர் மேலே ஏறாமல் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்வதை இப்போதுதான் கவனித்தேன். அவர்கள் யாரும் கர்ப்பமாக இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு சனிக்கிழமை சாத்தனூர் அணை. திருவண்ணாமலையிலிருந்து 30 கிலோமீட்டர். தென்பெண்ணைக்கு நடுவே 1958-ல் கட்டி முடித்தது. முதலைப் பண்ணையில், வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் படுத்திருந்த ஒரு முதலையை என் மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க மேனேஜர் லீவு லெட்டரைப் படிக்கறப்ப இப்படித்தாங்க இருப்பாரு" என்றாள். ஜவ்வாது மலை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வளைவு ஜாஸ்தி, ஆஸ்பத்திரி தூரம்.

மற்ற நேரமெல்லாம் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் பெரிய கோயில் மாதிரி கிடையாது. கூட்டம் இருக்காது. பிரகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை. எதிரே 2,668 அடி மலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்று சொல்வார்கள். அவருக்கும் இங்கே தனியாகக் கோயில் உண்டு. தோழிகள் ஒருத்தியை ஒருத்தி தூக்கத்திலிருந்து எழுப்புகிற பாட்டு. "இங்க பொறந்துமா நீ எட்டு மணி வரைக்கும் தூங்கறே?" என்று அவளைக் கேட்டேன். "நான் எழுப்பப்படற கட்சிங்க" என்றாள்.

★

கிரிவலம் போக வேண்டும் என்று ஆரம்பித்தது அவள்தான். சுற்றளவு 14 கிலோமீட்டர். "ஒரே மூச்சில் வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஆனா தினம் அரை மணி நேரம் நடக்கறது ரொம்ப நல்லது."

எனக்குள் இருந்த ஆடிட்டர் ஆபீஸ் விழித்துக்கொண்டது. 14 கிலோமீட்டர், ஏழு தவணை, தவணைக்கு இரண்டு கிலோமீட்டர். 16-ஆவது வாரம் ஆரம்பித்தால் 28-ஆவது வாரம் கணக்கு முடியும். அடி அண்ணாமலையில் புறப்பட்டு அடி அண்ணாமலைக்கே வந்து சேர வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ. அடுத்த முறை அந்த இடம் வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து நடை. பௌர்ணமிக் கூட்டம் வரும் நாளில் நடை கிடையாது.

"சாமிக்கே தவணையா மாப்ள?" என்றார் மாமியார், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

"நாட்டுல எல்லாமே தவணையிலதானே ஓடுது அத்தை!"

"வட்டி?" என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மசால் வடை."

முதல் தவணை வாயு லிங்கம் பக்கம், சுபமாக முடிந்தது. இரண்டாவது தவணையில் குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார். அந்தச் சின்னக் கல் மண்டபத்தில் பின்பக்கமாக நுழைந்து, ஒருக்களித்து, ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வர வேண்டும். வந்தால் மறு பிறவி இல்லை என்பது நம்பிக்கை. அவளால் முடியாது. "எங்க மூணு பேருக்கும் சேர்த்து நீங்களே போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன். முக்கால்வாசி வந்ததும் இடுப்பில் மாட்டிக்கொண்டேன். மூன்று மாசம் அவள் சாப்பிடாமல் வைத்ததையெல்லாம் சாப்பிட்டவன் நான்தானே! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வெளியே அவள் உட்கார்ந்துகொண்டு, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க... தலை தெரியுது... இன்னும் கொஞ்சம்தான்... முக்குங்க!" என்றாள். வரிசையில் நின்ற ஒரு பாட்டி என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து, "வா கண்ணு, வா" என்று வெளியே எடுத்துப் போட்டார். நியாயப்படி நான் வீறிட்டு அழுதிருக்க வேண்டும். கௌரவம் கருதிச் சிரித்தேன்.

மூன்றாவது தவணை, ஈசான்ய லிங்கம் பக்கம். 20-ஆவது வாரம். நடந்துகொண்டே வந்தவள் திடீரென்று நின்றாள். முகம் ஒரு மாதிரி ஆனது. நான் பயந்துவிட்டேன். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. உள்ளே மீன் புரண்ட மாதிரி இருந்ததாம். டிக்கெட் வாங்காத மூன்றாவது பயணி, 'நானும்தான் வரேன்' என்று முதல் தடவையாகச் சொன்னது அங்கேதான்.

பெரிய கோயில், அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம் என்று ஆறு தவணைகள் ஒழுங்காகப் போயின. டைரியில் எழுதினேன்: 'செலுத்தியது 12 கி.மீ. நிலுவை 2 கி.மீ.'

★

28-ஆவது வாரம், வெள்ளிக்கிழமை, அடி அண்ணாமலை வீட்டில் வளைகாப்பு. ஏழு வகை சாதம், முப்பது நாற்பது பெண்கள், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் கையை ஆட்டினால் சத்தம் கொல்லைப்புறம் வரைக்கும் கேட்டது. நான் பட்டு வேஷ்டி கட்டி, பக்கத்தில் நின்று, அவள் வயிற்றில் கை வைத்தபடி நாற்பத்தைந்து போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ராத்திரி தலைவலி என்றாள். "வளைகாப்பு அலைச்சல். படுத்தா சரியாயிடும்" என்றேன். எனக்கு நானே டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தலைவலி போகவில்லை என்றாள். காலும் வீங்கியிருந்தது. சாயங்காலமானால் கொஞ்சம் கால் வீங்கும், அது சகஜம் என்று படித்திருந்தேன். அதையே சொன்னேன். "ரெண்டே கிலோமீட்டர். கடைசித் தவணை. நாளைக்குச் சென்னை கிளம்பணும். மெதுவா நடந்து கணக்கை முடிச்சிடலாம், வா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கணக்கு முடியணும். அவ்வளவுதானே?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திண்ணையில் உட்கார்ந்தேன். மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டே ஆறுதல் சொன்னார். "விடுங்க மாப்ள, இந்த ஊர்ல சாமியே கதவுக்கு வெளிய நின்னவருதான்." உண்மை. திருவண்ணாமலையில் திருவூடல் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை. பிருங்கி முனிவர் தன்னை விட்டுவிட்டு அவரை மட்டும் கும்பிட்டார் என்று அம்மனுக்குக் கோபம். கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். சாமி ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் தனியாகக் கிரிவலம் வந்து, அப்புறம்தான் சமாதானம். வருஷா வருஷம் நடக்கிறது.

எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப் போயிற்று. சாமியே தனியாகப் போனாரே! போனை சைலண்ட்டில் போட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, ஆறாவது தவணை முடிந்த இடத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

வருண லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணி பார்க்கப் போனை எடுத்தேன்.

ஒன்பது மிஸ்டு கால்.

★

நடந்தது இதுதான். காபி கொடுக்கப் போன மாமியார் மகளின் கையைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மணிக்கட்டில் துள்ளிக்கொண்டிருந்த வளையல்கள் சத்தமே போடவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. இரண்டு நாளில் கை வீங்கியிருக்கிறது. முகத்தைப் பார்த்தால் முகமும் உப்பல். அவருக்கு பி.பி. பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வளையல் பற்றித் தெரியும். பக்கத்துத் தெருவில் குடியிருந்த கிராம சுகாதார நர்ஸம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

நான் மூச்சு வாங்க ஓடி வந்தபோது, நர்ஸம்மா பி.பி. பட்டையை இரண்டாம் தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தார். 150க்கு 100.

"தம்பி, 140க்கு 90 போனாலே நாங்க விடமாட்டோம். தலைவலின்னு சொன்னப்பவே ஒரு வாட்டி பார்த்திருக்கலாமே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. 108-க்குப் போன் போட்டதும் அவர்தான்.

ஆம்புலன்ஸில் அவள் இடது பக்கமாகப் படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரிந்தவுடன் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் பேசினாள். "எவ்வளவு தூரம் போனீங்க?"

"பாதி."

"மீதி இருக்கட்டும்" என்றாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. மாத்திரையில் பி.பி. இறங்கியது. தலைவலி போனது. சிறுநீர்ப் பரிசோதனையில் புரோட்டீன் இல்லை. ஸ்கேனில் குழந்தை சௌக்கியம். குதிரை ஓடுகிற மாதிரி இதயத் துடிப்பைக் கேட்டபோதுதான் என் இதயம் பழையபடி அடிக்க ஆரம்பித்தது. "20 வாரத்துக்கு மேல பி.பி. ஏறினா சில பேருக்கு வலிப்பு வரைக்கும் போயிடும். நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். நேரத்துக்குக் கொண்டுவந்தது நான் இல்லை என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு எண்ணைத் தேடிப் பார்த்தேன். 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 54. நாட்டு சராசரியோடு ஒப்பிட்டால் பெருமைப்பட வேண்டிய எண்தான். ரத்தப்போக்குக்கு அடுத்தபடியாக இந்த ரத்த அழுத்தம் முக்கியமான காரணங்களில் ஒன்று. நல்ல பேலன்ஸ் ஷீட் என்று முன்பு சொல்லியிருப்பேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அப்படிச் சொல்ல முடியவில்லை. 54 என்பது 54 வீடு.

★

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், மலை மேல் தீபம் ஏற்றும் நேரத்தில், பெரிய கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். உடம்பில் பாதியை அம்மனுக்குக் கொடுத்த கோலம். வருஷத்துக்கு ஒரே தடவை, சில நிமிஷம் மட்டும் தரிசனம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நாமும் அப்படித்தான் சார். வளைகாப்பு போட்டோவுக்குப் பாதி உடம்பாக வந்து ஒட்டி நிற்கிறோம். ஸ்கேன் படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறோம். சார்ட் போட்டுப் பச்சை அடிக்கிறோம். ஊர் சுற்றப் பிளான் போடுகிறோம். பிளான் தப்பில்லை. அந்த ஆறு தவணை நடையை நாங்கள் சாகும் வரை மறக்க மாட்டோம். ஆனால் சாமிக்குச் சில நிமிஷம் போதும், அவர் சாமி. நமக்கு மிச்ச நேரமும் டியூட்டி உண்டு. என் எக்ஸெல் சார்ட்டில் 180 கட்டம் இருந்தது. 'இன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள்?' என்று ஒரு கட்டம் இல்லை. இரண்டு நாளாக அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வளையல் சத்தம் நின்று போனது என் காதில் விழவில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தால் மட்டும் போதாது, கூப்பிட்டால் கேட்கவும் வேண்டும்.

ஆகவே, இரண்டு கோடு பார்த்த தம்பிமார்களே, சில வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல் வயிற்றில் வலி, ரத்தம் படுவது, நீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் 'அலைச்சல்', 'வெயில்', 'சூடு' என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, லீவு. 2017-லிருந்து பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு, அதில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, கம்பெனியின் மனசுதான் சட்டம். எச்.ஆரிடம் இன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள். பிரசவ வலி வந்த பிறகு மெயில் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

★

இப்போது 35-ஆவது வாரம். அவளுக்கு ஊர் சுற்றத் தடை. வாரத்துக்கு இரண்டு தடவை பி.பி. பார்க்க வேண்டும், தினமும் குழந்தையின் அசைவைக் கவனிக்க வேண்டும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆபீஸ் ஏது? லேப்டாப்போடு நானும் அடி அண்ணாமலைக்கே வந்துவிட்டேன். இதை எழுதுவது அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான். சனிக்கிழமை டூர், திண்ணையிலிருந்து கிணற்றடி வரை. ஞாயிற்றுக்கிழமை டூர், கிணற்றடியிலிருந்து திண்ணை வரை. இயற்கைக் காட்சி பிரமாதம்.

ராத்திரியில் மாமனார் கதை சொல்வார். நேற்று வல்லாள மகாராஜா கதை. 14-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட ஹொய்சள ராஜா. பிள்ளை இல்லாமல் ஏங்கினாராம். அண்ணாமலையாரே குழந்தையாக வந்து அவர் மடியில் தவழ்ந்தாராம். மகன் முறை ஆயிற்றே! இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அந்த ராஜாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். "அப்பன்னா சாமிகூடக் கடன் தீர்க்கணும் மாப்ள" என்றார் மாமனார். என் மனைவி வயிற்றைத் தடவிக்கொண்டே, "கேட்டுக்கிட்டியா?" என்று உள்ளே இருப்பவரை விசாரித்தாள்.

டைரியில் அந்த வரி அப்படியே இருக்கிறது. 'நிலுவை 2 கி.மீ.' வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை முடிக்க எனக்கு அவசரமே இல்லை. குழந்தை பிறந்து, அவள் உடம்பு தேறி, மூன்று பேருமாக வருண லிங்கம் பக்கம் போய் மீதியைக் கட்டுவதாக ஏற்பாடு.

"மூணாவது ஆளுக்கு ஆட்டோவில தனி சார்ஜ் கேப்பாங்களா?" என்றாள் இன்று காலை.

"அஞ்சு வயசு வரைக்கும் கவர்மென்ட் பஸ்லயே டிக்கெட் கிடையாது. ஆட்டோக்காரர் எப்படிக் கேப்பார்?" என்றேன்.

இன்னும் இரண்டு பாரா எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து "என்னங்க..." என்று குரல் வருகிறது. காலை அமுக்கவா, தண்ணீர் எடுக்கவா, சும்மாவா, தெரியாது.

கூப்பிடுகிறாள். வரட்டுமா?